சைக்கிள் கொடுத்தாச்சு, ரோடு எப்போ கொடுப்போம்?



நீளமான பதிவு இது. பாதியில் நிறுத்திவிட்டு ‘சூப்பர் டீச்சர்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பரீட்சைக்கும் அப்படித்தான், பாடத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். இந்த ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன்.

ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நாங்கள் நாலு பேர் சைக்கிளோடு நிற்கிற போட்டோவைப் போட்ட நாளிலிருந்து போன் ஓயவில்லை. “மதினி, இந்த வயசுல விழுந்து கிழுந்து வச்சா யாரு பாக்குறது?” என்று நாத்தனார் கேட்டாள். “டீச்சர், உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?” என்று ஒரு மாணவி கேட்டாள். “வெளிநாட்டுக்காரன் ரோடு அப்படி. நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?” என்று பெரிய அத்தான் கேட்டார்.

முதல் கேள்விக்குப் பதில்: விழவில்லை. இரண்டாவதுக்குப் பதில்: தெரியும், பத்து வயதிலிருந்து. மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் நடக்கும். அந்த ஊரிலும் ஒரு காலத்தில் நடக்காது என்றுதான் சொன்னார்கள். அங்கே ஜனங்கள் கேட்டார்கள், சண்டை போட்டார்கள், வாங்கினார்கள். நாம் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனது நாலு பேர். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அக்கா, நர்ஸாக இருந்த என் பள்ளித் தோழி, நான். ரோட்டர்டாம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம்ம மாணவன் ஒருவன் நாலைந்து வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். “டீச்சர், நீங்க டிக்கெட்டு மட்டும் எடுத்து வாங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்றான். அவன்தான் இந்த சைக்கிள் சுற்றுலாவுக்கும் ஏற்பாடு செய்தான். சைக்கிளும் கொடுத்து, கூடவே வழிகாட்டி ஒருவரும் வந்து, ஊரைச் சுற்றிக் காட்டுவார்கள். மூன்று மணி நேரம். நம்ம பணத்துக்கு ஆளுக்கு மூவாயிரத்துக்கு மேல். கணக்கு டீச்சர் அதை நிமிஷத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

நாங்கள் நாலு பேரும் வாடகை சைக்கிளில் பழகினவர்கள். குரங்கு பெடல் போட்டு, முட்டியைப் பேர்த்துக்கொண்டு, மணி முடிவதற்குள் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க ஓடின தலைமுறை. அங்கே கொடுத்த சைக்கிளுக்கு அவர்கள் மொழியில் பெயரே ‘பாட்டி சைக்கிள்’தான். ஹேண்டில்பார் உயரமாக வளைந்திருக்கும், முதுகு நிமிர்ந்து உட்காரலாம், சுடிதார் செயினில் மாட்டாதபடி செயின் கவர் முழுசாக மூடியிருக்கும். ஒரே ஒரு சங்கடம், கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். முதல் பத்து நிமிஷம் அக்கா நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் “ஏ மாதாவே” என்று கூப்பிட்டுத்தான் நிறுத்தினார். பிறகு பழகிவிட்டது.

வழிகாட்டியாக வந்தது கல்லூரியில் வரலாறு படிக்கிற ஒரு பெண். இருபத்துமூன்று வயது இருக்கலாம். கிளம்புவதற்கு முன் எங்களை வரிசையாக நிறுத்தி நாலு விதிகள் சொன்னாள். வலது பக்கமே போகணும். திரும்புகிற பக்கம் கையை நீட்டணும். டிராம் தண்டவாளத்தை நேராக ஒட்டிப் போகாமல் குறுக்கே வெட்டிக் கடக்கணும், இல்லாவிட்டால் முன்சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். போட்டோ எடுக்க வேண்டுமானால் சைக்கிள் பாதையில் நிற்கவே கூடாது, ஓரம் இறங்கி நிற்கணும். ஒரு டீச்சராகச் சொல்கிறேன், வகுப்பை அடக்குகிற குரல் அவளுக்கு இருந்தது.

ஊரின் அழகை நான் வர்ணிக்கப் போவதில்லை. கால்வாய்களும் பாலங்களும் முன்பக்கம் சாய்ந்து நிற்கும் ஒடுக்கமான வீடுகளும் நீங்கள் சினிமாப் பாட்டிலேயே பார்த்தவைதான். நான் பார்த்துக்கொண்டே போனது சைக்கிளில் யார் யார் போகிறார்கள் என்பதை. கோட்டு சூட்டு போட்ட ஆபீஸர் போகிறார். முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை உட்கார்த்தி ஒரு தாய் போகிறாள். எண்பது வயதுப் பாட்டி கடைக்குப் போய்த் திரும்புகிறாள். பத்து வயதுப் பிள்ளைகள் கூட்டமாக, பெரியவர்கள் துணையில்லாமல், பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டுப் போகிறார்கள். பாதசாரிக்கு ஒரு தடம், சைக்கிளுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு தடம், காருக்கு ஒரு தடம். சைக்கிளுக்கென்று தனி சிக்னல் விளக்கு.

ஆரம்பப் பள்ளி முடிப்பதற்குள் அங்கே பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் பரீட்சை உண்டாம். எழுத்துத் தேர்வும் உண்டு, ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்காட்டும் தேர்வும் உண்டு. இதைக் கேட்டதும் கணக்கு டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளை நம்மிடம் விட்டுவைத்தார்கள். ரோட்டைக் கடப்பது எப்படி என்று எந்தப் பரீட்சையில் கேட்டோம்?

பெரிய ரயில் நிலையத்துக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு கட்டியிருக்கிறார்கள். 2023-ல் திறந்தது. 7,000 சைக்கிள் நிற்கும். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்து அக்கரைக்குப் போகும் படகில் ஆளுக்கும் சைக்கிளுக்கும் காசு கிடையாது. ரெம்பிராண்டின் ஓவியங்கள் இருக்கிற புகழ்பெற்ற ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் நடுவயிற்றில் ஒரு வளைவு வழி இருக்கிறது. சைக்கிள்கள் அதற்குள் புகுந்து போகின்றன. பத்து வருஷம் மராமத்து நடந்து 2013-ல் அந்தக் கட்டடத்தைத் திறந்தபோது, இந்த வழியை சைக்கிளுக்கு அடைத்துவிடலாம் என்று பார்த்திருக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் சங்கம் விடவில்லை. கட்டடத்தின் திட்டத்தையே மாற்ற வைத்தார்கள். இந்த ‘விடவில்லை’ என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

எங்களை நிஜமாகவே நிறுத்திவிட்ட இடம் ஒன்று உண்டு. கால்வாய் ஓரமாக ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் முற்றத்தில் அந்தப் பெண் சைக்கிளை நிறுத்தி, “இதுதான் வி.ஓ.சி.யின் தலைமை அலுவலகம்” என்றாள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் சொன்னது 1602-ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் டச்சுப் பெயரின் மூன்று முதலெழுத்துகளும் நம்ம வ.உ.சி.யை ஆங்கிலத்தில் எழுதுகிற அதே மூன்று எழுத்துதான். அந்தக் கம்பெனி 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது. நம்ம கடலில் முத்துக்குளிப்பை மேற்பார்த்து வரும்படி வாங்கியது, நம்ம நெசவாளிகளின் துணியைக் கப்பல் ஏற்றியது. 1799-ல் கம்பெனியே முடிந்துபோனது, ஆனாலும் 1825-ல்தான் தூத்துக்குடி கடைசியாக வெள்ளைக்காரன் கைக்குப் போனது. பனிமய மாதா கோயில் டச்சுக்காரர் காலத்தில் 1713-ல் எழுந்தது. பீச் ரோட்டுப் பக்கம் இருக்கும் பரிசுத்த திரித்துவ ஆலயம் டச்சுக்காரர்களே 1750-ல் கட்டியது. அந்த முற்றத்தில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். பிறகு 1906-ல் எங்கள் ஊரில் ஒரு வக்கீல், வெள்ளைக்காரன் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார், 1908-ல் கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார், ஜெயிலில் செக்கு இழுத்தார், அவர் பெயரும் வி.ஓ.சி., இப்போது எங்கள் துறைமுகத்துக்கே அவர் பெயர் என்று சொல்லி முடித்தேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். இனி வருகிறவர்களுக்கும் இதைச் சொல்வாளாம்.

பக்கத்திலேயே நியூமார்க்கெட் என்ற சதுக்கம். அங்கே நின்றபோதுதான் அத்தான் கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்டேன். “உங்கள் ஊர் எப்போதுமே இப்படித்தானா?”

“இல்லவே இல்லை” என்று சொல்லி அவள் விளக்க ஆரம்பித்தாள். ஊருக்கு வந்த பிறகு நானும் தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். சமூக அறிவியல் டீச்சர் அல்லவா, கேட்டதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் காசு சேர்ந்தது, கார் பெருகியது. சைக்கிளை ஏழைகளின் வண்டி என்று ஓரம் கட்டினார்கள். 1954-ல் ஆம்ஸ்டர்டாமின் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர் என்பவர், காருக்கு இடம் போதவில்லை, கால்வாய்களைத் தூர்த்து ரோடு போடலாம் என்று யோசனை சொன்னார். 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததே, அந்தக் கால்வாய்களைத்தான்! நாங்கள் நின்ற நியூமார்க்கெட் வழியாகவும் மெட்ரோவுக்காகவும் அகல ரோட்டுக்காகவும் வீடுகளை இடிக்கத் திட்டம். 1975-ல் ஜனங்கள் தெருவில் இறங்கிப் போலீஸோடு மோதினார்கள். மெட்ரோ வந்தது, நாலு தட ரோடு வரவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் பிள்ளைகள். 1971-ல் அந்த நாட்டின் ஜனத்தொகை ஏறத்தாழ 1.3 கோடி. அந்த ஒரு வருஷத்தில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு ‘பிள்ளைக் கொலையை நிறுத்து’. ‘விபத்து’ என்று எழுதாமல் ‘கொலை’ என்று எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராகிவிட்டது. தாய்மார்களும் தகப்பன்மார்களும் பிள்ளைகளோடு ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள், சைக்கிளைக் கீழே போட்டுப் பக்கத்தில் தாங்களும் படுத்தார்கள். ஆம்ஸ்டர்டாமிலேயே டி பைப் என்ற நெரிசலான தொழிலாளர் பகுதியில் 1972-ல் பள்ளிப் பிள்ளைகளே வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, ‘எங்களுக்கு விளையாடத் தெரு வேண்டும்’ என்று ரோட்டை அடைத்தார்கள். அடுத்த வருஷம் பெட்ரோல் நெருக்கடி வந்தது, அரசாங்கமே ஞாயிற்றுக்கிழமைகளில் காரை நிறுத்தச் சொன்னது. கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று ஊர் முழுக்கப் பார்த்தது. 1975-ல் சைக்கிள்காரர்கள் சங்கம் பிறந்தது. ஒவ்வொரு தடமாக, ஒவ்வொரு சிக்னலாகக் கேட்டு வாங்கினார்கள். மோட்டார் வண்டி சைக்கிளில் மோதினால் நஷ்டஈட்டுப் பொறுப்பு பெரும்பாலும் மோட்டார் வண்டிக்காரருக்கே என்று சட்டமும் இருக்கிறது.

இன்று அங்கே ஒரு வருஷத்தில் சாலையில் இறப்பவர்கள் எழுநூறுக்கு முன்பின். குறையே இல்லாத ஊர் என்று சொல்ல மாட்டேன். இறப்பவர்களில் சைக்கிள்காரர்கள், அதிலும் வயதானவர்கள், நிறையப் பேர். சைக்கிள் திருட்டு அதிகம். நடந்து போகிறவர்கள்தான் சைக்கிளைப் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது, என்னையே இரண்டு பேர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். ஆனாலும் 3,300 எழுநூறானது ஐம்பது வருஷத்தில். அது தானாக நடக்கவில்லை.

இனி நம்ம முத்தையாபுரத்துக்கு வருவோம்.

நம்ம ஊரும் சைக்கிள் ஊர்தான், மறந்துவிட்டோம். துறைமுகம் 1974-ல் வந்தது, அடுத்த வருஷம் ஸ்பிக் உற்பத்தியைத் தொடங்கியது, பிறகு அனல்மின் நிலையம் வந்தது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் திருச்செந்தூர் ரோட்டில் சைக்கிள் ஆறு மாதிரி ஓடும். கேரியரில் தூக்குவாளி, ஹேண்டில்பாரில் துண்டு. உப்பளத்து வேலைக்கு விடியுமுன்னே அக்காமார்கள் போவார்கள். கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும்போது நின்றுகொண்டே மிதிப்பார்கள். அத்திமரப்பட்டியிலிருந்து வாழைத்தாரை சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்கள். சைக்கிளில் ஊர் சுற்றுவதை நமக்கு யாரும் வெளிநாட்டிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

சைக்கிள் என்ன செய்யும் என்று தமிழ்நாடுதான் உலகத்துக்கே காட்டியது. 1991, 92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளி முதல் அங்கன்வாடிப் பணியாளர் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதினார். அது மத்தியப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பாடமாகவே வந்தது. வடநாட்டுப் பிள்ளைகள் நம்ம புதுக்கோட்டைப் பெண்களைப் படித்தார்கள்.

பிறகு நம்ம அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இதைப் படிக்கிற உங்களில் பலர் அந்த சைக்கிளில் வந்தவர்கள். சைக்கிள் கொடுக்கிற நாளில் பள்ளிக்கூட மைதானம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். கேரியரில் ஒட்டியிருக்கிற பேப்பரைக்கூடக் கிழிக்காமல் ஒரு மாசம் ஓட்டுவார்கள். பஸ்ஸை நம்பியிருந்த எத்தனை பெண்பிள்ளைகள் அந்த சைக்கிளால் படிப்பை முடித்தார்கள் என்பதற்கு நானே சாட்சி.

அந்த சைக்கிள் எந்த ரோட்டில் போகிறது? துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் போகிற கன்டெய்னர் லாரி, நிலக்கரி லாரி, உப்பு லாரி, திருச்செந்தூர் பஸ், முருகனைப் பார்க்கப் போகிற வேன், பாதயாத்திரைக்காரர்கள், இவர்களுக்கு நடுவில் நம்ம பிள்ளை. ரோட்டு விளிம்பில் வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் மணல். அந்த மணலிலும் லாரி நிற்கும். அதைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வர வேண்டும். பின்னால் ஏர் ஹாரன்.

நான் வேலையில் இருந்தபோது என் வகுப்புப் பையன் ஒருவன், சைக்கிள் வாங்கி இரண்டு மாசம் ஆகவில்லை, நின்றிருந்த லாரியைச் சுற்றி வரும்போது பின்னால் வந்த வண்டி இடித்து வலது காலைப் பறிகொடுத்தான். நன்றாகப் படிக்கிற பையன். ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். “சைக்கிள் குடுத்தாகளே டீச்சர், ஓட்டுறதுக்கு எடம் குடுத்தாகளா?” எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. அவன் இப்போது பிழைப்புக்குக் குறையில்லாமல் இருக்கிறான். அவனிடம் அனுமதி கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

2022-ல் இந்தியா முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசே கணக்குச் சொல்கிறது. நாளைக்கு 460 பேருக்கு மேல். ஒரு பிளஸ் டூ பள்ளிக்கூடம் அளவுக்கு ஜனம். நாம் அதை ‘விதி’ என்கிறோம். பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் நாலு வரி.

இனி நீங்கள் வழக்கமாகச் சொல்லுகிற காரணங்களுக்கு வருகிறேன்.

‘அந்த ஊர் சமதளம், அதனால் சைக்கிள்.’ தூத்துக்குடியில் மலை எங்கே இருக்கிறது? ரயில்வே மேம்பாலம்தான் நமக்கு மலை.

‘அங்கே குளிர், இங்கே வெயில்.’ அங்கே மழையும் எதிர்க்காற்றும் உண்டு, நனைந்துகொண்டே போகிறார்கள். இங்கே உப்பளத் தொழிலாளி வெயிலிலேதான் போகிறார். ரோட்டோரம் வேம்பும் பூவரசும் வைத்தால் நிழல் வரும். வெயில் காரணமல்ல, மரத்தை வெட்டினதுதான் காரணம்.

‘ரோட்டில் அகலம் இல்லை.’ அவர்கள் ஊரின் நடுப்பகுதி நானூறு வருஷத்துக்கு முந்தையது, நம்ம ரோட்டைவிடக் குறுகல். அகலம் இருந்ததால் சைக்கிளுக்குக் கொடுக்கவில்லை. இருந்த அகலத்தைப் பங்கு பிரித்தார்கள்.

‘அது பணக்கார நாடு.’ 400 குழந்தைகள் செத்தபோதும் அது பணக்கார நாடுதான். பணம் மட்டும் காப்பாற்றவில்லை. மேம்பாலத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கிற இடத்தில், தடுப்புக்கட்டையும் பெயின்டும் விளக்கும் எவ்வளவு ஆகிவிடும்?

‘இப்போ யாரு சைக்கிள் ஓட்டுறா? எல்லாரும் பைக்தான்.’ இதுதான் எனக்கு வருத்தமான காரணம். ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் ஒன் பிள்ளை, உப்பளத்து அக்கா, வாட்ச்மேன் அண்ணாச்சி, மீன் விற்கிறவர். அவர்களுக்குக் குரல் இல்லாததால் நமக்குக் கண்ணில் படவில்லை. பதினாறு வயதில் லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டுகிற பையனின் தகப்பனார் என்னிடம் சொன்னார், “சைக்கிளில் அனுப்பப் பயமா இருக்கு டீச்சர், அதான் பைக் வாங்கிக் குடுத்தேன்.” அந்தப் பயத்துக்குக் காரணம் ரோடு. சரிபண்ண வேண்டியதும் அதைத்தான்.

கொள்கை இல்லாமல் இல்லை. சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று 2006-லேயே மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. 2014-ல் சென்னை மாநகராட்சி தனியாக ஒரு கொள்கையே போட்டது. 2017-ல் தூத்துக்குடியும் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. காகிதத்தில் இருப்பது திருச்செந்தூர் ரோட்டுக்கு வர வேண்டுமானால் யாராவது கேட்க வேண்டும்.

அதுதான் நான் உங்களிடம் கேட்கப் போகிற காரியம். பெரிதாக ஒன்றுமில்லை, நாலு விஷயம்.

ஒன்று: காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், பள்ளிக்கூடம் தொடங்கும்போதும் விடும்போதும் முத்தையாபுரம் வழியாகக் கனரக வண்டிகள் வரக்கூடாது.

இரண்டு: ரோட்டோரம் லாரி நிறுத்துவதைத் தடுக்க வேண்டும். அவர்களுக்கு நிறுத்த வேறு இடமும் தண்ணீர், கழிப்பறை வசதியும் கொடுக்க வேண்டும். லாரி டிரைவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான், இரவெல்லாம் ஓட்டிவிட்டு வருகிறவர். அவரைப் பகையாக்கி இந்தக் காரியம் நடக்காது.

மூன்று: பள்ளிக்கூடங்களைச் சேர்க்கிற பாதையிலாவது, இரண்டு கிலோமீட்டர் போதும், தடுப்புக்கட்டை வைத்த சைக்கிள் தடம் வேண்டும். பெயின்டு மட்டும் அடித்தால் மறுநாளே அதில் பரோட்டாக் கடை பெஞ்சு வந்துவிடும்.

நான்கு: சைக்கிள் கொடுக்கிற அன்றைக்கே ரோட்டில் ஓட்டப் பயிற்சி. கையைக் காட்டுவது, திரும்பிப் பார்ப்பது, லாரி டிரைவரின் கண்ணுக்கு எங்கே தெரிய மாட்டோம் என்பது. இதற்கு ஓய்வுபெற்ற நாங்கள் வருகிறோம், சம்பளம் வேண்டாம்.

உங்களில் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள், வக்கீல்கள் இருக்கிறீர்கள், என்ஜினியர்கள், போலீஸில் இருப்பவர்கள், சொந்தமாக லாரி வைத்திருப்பவர்கள்கூட இருக்கிறீர்கள். ரோட்டை அளந்து ஒரு வரைபடம் போட்டுத் தர என்ஜினியர் பிள்ளைகள் இருவர் வேண்டும். மனு எழுத வக்கீல் பிள்ளை ஒருவர் வேண்டும். லாரி நேரத்தைப் பற்றிப் பேச லாரி வைத்திருக்கிற தம்பிகளே முன்வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மாநகராட்சியில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. இரண்டுக்கும் போகலாம். கையெழுத்து வாங்க நாங்கள் நாலு பேரும் வீடு வீடாக வருகிறோம், சைக்கிளிலேயே.

இன்னொரு ஆசையும் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலையில், நம்ம ஊரை சைக்கிளில் சுற்றிக் காட்ட வேண்டும். பழைய துறைமுகம், திரித்துவ ஆலயம், பனிமய மாதா கோயில், கிரேட் காட்டன் ரோடு, முடிவில் ஒரு பேக்கரியில் சூடான மக்ரூன். வழிகாட்டியாக பிளஸ் ஒன் பிள்ளைகளே இருக்கட்டும். டச்சு வி.ஓ.சி. கதையையும் நம்ம வ.உ.சி. கதையையும் அவர்கள் வாயால் சொல்லட்டும். வரலாற்றை மனப்பாடம் பண்ணச் சொல்லி உங்களை அடித்ததைவிட இது நன்றாக ஏறும். ஆனால் அதற்கும் முதலில் உயிருக்குப் பயமில்லாத ரோடு வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

லைக் போடுவதோடு விட வேண்டாம் மக்களே. வரைபடம், மனு, லாரி நேரம், கையெழுத்து, பயிற்சி, இந்த ஐந்தில் எதற்கு வருகிறீர்கள் என்று கீழே பெயரோடு எழுதுங்கள். அடுத்த மாத முதல் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குக் கிளம்புகிறோம். வருகைப்பதிவு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் டீச்சர்,
முத்தையாபுரம்.